கிட்னி நோயாளிக்குக் குடல் பாக்டீரியா கேப்சூலா, நார்ச்சத்துப் பவுடரா, மோரா? எதற்குக் காசு கொடுக்கலாம்

பெருந்துறையில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்குக் கிட்னி நோயாளிகளின் சீட்டு புதிதல்ல. பிரஷர் மாத்திரை, இரும்பு மாத்திரை, பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை, சோடா மாத்திரை என்று வரிசை மனப்பாடம். இப்போதெல்லாம் சீட்டோடு சேர்த்துப் போனையும் நீட்டுகிறார்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு டப்பாவின் படம் அதில் இருக்கும். "ஏனுங்ணா, அப்பாருக்குக் கிரியாட்டின் மூணு இருக்குதுங்க. இதைக் குடுத்தா டயாலிசிஸே வேண்டியதில்லைங்கறாங்க. வாங்கலாமுங்களா?"

படத்தில் இருப்பது சில சமயம் உயிருள்ள பாக்டீரியா அடைத்த கேப்சூல், சில சமயம் நார்ச்சத்துப் பவுடர், சில சமயம் ரெண்டும் கலந்தது. இன்னொரு கூட்டம் "அதெல்லாம் எதுக்குங்க, தினம் மோரும் பழைய சோறும் போதாதா" என்று கேட்கிறது. எல்லோருக்கும் கவுண்டரில் நின்றபடி ரெண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. இதைப் படித்துவிட்டு எதைத் தொடங்குவதாக இருந்தாலும், நிறுத்துவதாக இருந்தாலும் உங்கள் கிட்னி டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

## குடலுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்

கிட்னி மந்தமானால் ரத்தத்தில் யூரியா என்ற புரதக் கழிவு ஏறும். அதில் ஒரு பங்கு குடலுக்குள்ளும் கசியும். யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும் பாக்டீரியாக்களுக்கு அது கொண்டாட்டம். அவை பெருகப் பெருக, நார்ச்சத்தைத் தின்று வாழ்பவை குறைந்துபோகின்றன. அமோனியா குடல் சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. இன்னொரு பக்கம், செரிக்காமல் பெருங்குடல் வரை வந்துசேரும் புரதத்தைச் சில பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அதில் உண்டாகும் பொருட்களைக் கல்லீரல் இண்டாக்சில் சல்பேட், பி-கிரெசில் சல்பேட் என்ற கழிவுகளாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. நல்ல கிட்னி அவற்றைச் சிறுநீரில் தள்ளிவிடும். கெட்ட கிட்னியால் முடியாது. டயாலிசிஸ் மிஷினாலும் பெரிதாக முடியாது, ஏனென்றால் இவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. வடிகட்டியின் துளை வழியாக அது வெளியேறாது.

இவ்வளவும் உண்மை. விற்கிறவர்கள் இந்த உண்மையிலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். குடலைச் சரிசெய்தால் நச்சு குறையும், நச்சு குறைந்தால் கிட்னி பிழைக்கும் என்று ரெண்டு படி ஏறுகிறார்கள். முதல் படிக்கு ஓரளவு சான்று உண்டு. இரண்டாவது படிக்கு இல்லை.

இரண்டாவது படியை நேராகவே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 1991 முதல் ஏஎஸ்டி-120 என்று ஒரு மருந்து இருக்கிறது. மணி மணியான கார்பன் அது. குடலிலேயே இந்த நச்சுகளின் மூலப்பொருளை உறிஞ்சி மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். பல நாடுகளில் 2,000 பேருக்கு மேல் கொடுத்து எப்பிக் என்ற பெயரில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2015-இல் முடிவு வந்தது. டயாலிசிஸுக்குப் போவதையோ, கிரியாட்டினின் (கிட்னி எவ்வளவு மந்தம் என்று காட்டும் ரத்தக் கழிவு) இரட்டிப்பாவதையோ, மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் நிலையையோ அந்தக் கார்பன் தள்ளிப்போடவில்லை. குடல் நச்சைப் பிடிப்பதற்கென்றே செய்த மருந்தின் கதியே இது. கேப்சூல் டப்பாவைக் கையில் எடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, எந்த எண் மாறப்போகிறது என்பது. வயிறு உப்பசம், மலச்சிக்கல் தீர்வது ஒரு வகைப் பலன். யூரியா கொஞ்சம் இறங்குவது இன்னொன்று. ஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் திறன், விழும் வேகம் குறைவது முற்றிலும் வேறு. விளம்பரத்தில் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பிவிடுவார்கள்.

கிரியாட்டினினில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சமைத்த கறி சாப்பிட்டால் சில மணி நேரத்துக்கு அது ஏறிக் காட்டும். டப்பா வாங்கிய வீட்டில் அன்றைக்கே பத்தியமும் ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளாட்டுக்கறி நின்றுபோகும், முட்டை நின்றுபோகும், பருப்பு பாதியாகும். அடுத்த மாத ரிப்போர்ட்டில் யூரியா இறங்கியிருக்கும், கிரியாட்டினினும் சற்று இறங்கியிருக்கும். பேர் கேப்சூலுக்குப் போகும். ஆள் மெலிந்து சதை கரைந்தாலும் இதே எண் இறங்கும், அது நல்ல செய்தியே அல்ல. "எங்க சித்தப்பாவுக்கு இறங்குச்சுங்க" என்று யாராவது சொன்னால், அந்த மாதம் அவர் வேறு என்னவெல்லாம் மாற்றினார் என்றும் விசாரியுங்கள்.

இரண்டாவது, டப்பாவுக்குள்ளும் தட்டுக்குள்ளும் கூடவே வரும் பொட்டாசியம், பாஸ்பரஸ், உப்பு, தண்ணீர், சர்க்கரை. இதில் முதல் நான்கும் மந்தமான கிட்னியால் தள்ளமுடியாமல் உடம்பில் தேங்கும். மூன்றாவது, தொற்று நுழைய உடம்பில் கதவு திறந்திருக்கிறதா என்பது. கழுத்தில் டயாலிசிஸ் குழாய், மாற்றுச் சிறுநீரகத்துக்கான எதிர்ப்புசக்தி அடக்கும் மாத்திரை, இரண்டும் திறந்த கதவுதான். அப்புறம் மாதச் செலவு. ஒரு மாதச் செலவாகப் பார்க்காமல் வருடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விடப் பெரியது: இதை நம்பி எதைத் தள்ளிப்போடுகிறோம்? கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) வைத்தால் அது ஊசி போடும் அளவுக்குத் தேற குறைந்தது ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதமும் ஆகும். "மாத்திரை வேலை செய்யுதான்னு பாத்துட்டு வெச்சுக்கலாமுங்க" என்று தள்ளிப்போட்டவர், மூச்சு வாங்கி நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, கழுத்தில் குழாயோடு டயாலிசிஸ் ஆரம்பிக்கிறார். கழுத்தில் குழாய் ஏறிவிட்டால் பாக்டீரியா கேப்சூல் கூடாதவர்கள் பட்டியலில் அவரே முதல் ஆள்.

## பாக்டீரியா கேப்சூல்

கிட்னிக்கென்று விற்கும் கேப்சூல்களில் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபேசிலஸ் அசிடோபிலஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம். முதல் ஆளை "யூரியாவைத் தின்னும் பாக்டீரியா" என்று அறிமுகப்படுத்துவார்கள். தின்பது சரிதான். ஆனால் தின்றபின் வெளிவிடுவது அமோனியா. பாக்டீரியா தன் உடம்புக்கு எடுத்துக்கொண்டு மலத்தோடு போவது போக, மிச்ச அமோனியா கல்லீரலுக்குப் போய்த் திரும்ப யூரியாவாகவே வரும். இதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

பலன் எப்படி? 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, கிட்னி நோயாளிகளிடம் புரோபயாட்டிக் (உயிருள்ள பாக்டீரியா), பிரிபயாட்டிக் (அதற்குத் தீனியாகும் நார்ச்சத்து), இரண்டின் கலவை ஆகியவற்றைச் சோதித்த 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 2,200 பேருக்கு மேல். கிட்னி செயல்பாட்டையோ, ஆயுளையோ, டயாலிசிஸ் தேவையையோ இவை மாற்றுகின்றன என்று சொல்ல அதில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள், சில வாரமோ சில மாதமோ நடந்தவை.

மறைந்த செலவு முதலில் சூட்டில் இருக்கிறது. சித்திரையில் ஈரோட்டிலும் கரூரிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி அச்சடித்த டப்பா, ஐஸ் பேக் எதுவும் இல்லாமல் கூரியர் வேனில் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வீடு வந்துசேரும். உள்ளே உயிரோடு எத்தனை மிச்சம் என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உறையவைத்து உலர்த்தித் தூளாக்கி அறை வெப்பம் தாங்கும்படி செய்த சரக்கும் வருகிறது. அதிலும் "25 டிகிரிக்குக் கீழ்" என்று போட்டிருந்தால் நம் ஊர் அலமாரி அதற்குப் போதாது.

அடுத்தது காசு. கேப்சூல் ஒன்று 30 ரூபாய், நாளுக்கு ரெண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,800, வருடம் 21,600. இந்தக் கணக்கை ஏன் போடுகிறேன் என்றால், அதே வீட்டில், கிட்னி கெடும் வேகத்தைக் குறைக்க எழுதும் டாபாக்லிஃப்ளோசின் மாத்திரையை "தினம் எதுக்குங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன்" என்று மிச்சம் பிடிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த மாத்திரையின் கதை வேறு. 4,304 பேரிடம் நடந்த டாபா-சிகேடி ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. ஜிஎஃப்ஆர் பாதிக்குமேல் விழுவது, கிட்னி செயலிழப்பு, கிட்னி அல்லது இதயக் கோளாறால் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் 39 சதவீதம் குறைவு. அதே வருடம் இந்தியாவில் காப்புரிமையும் முடிந்து பல கம்பெனிகள் போட்டி போட்டதில் விலை நன்றாக இறங்கிவிட்டது. எல்லோருக்கும் அது ஒத்துவராது, டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். ஆனால் ஏற்கெனவே சீட்டில் இருக்கும் அதைக் குறைத்து இதை வாங்குவது நிச்சயமாக நஷ்டக் கணக்கு.

தொற்று விஷயத்தில் தயவுசெய்து விளையாட வேண்டாம். சாக்கரோமைசஸ் பொலார்டி என்ற ஈஸ்ட், வயிற்றுப்போக்குக்குச் சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகியிருப்பவர்களுக்கு இந்த ஈஸ்ட் ரத்தத்திலேயே வளர்ந்த சம்பவங்கள் வந்தபின், 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை அப்படிப்பட்டவர்களுக்கும், எதிர்ப்புசக்தி குன்றியவர்களுக்கும், ஐசியூவில் இருப்பவர்களுக்கும் கூடாது என்றே சொல்லிவிட்டது. சாஷேயைப் பிரிக்கும்போது பறக்கும் தூள் கையில் ஒட்டி, அந்தக் கை குழாயைத் தொட்டாலே போதும். ஆகவே கழுத்துக் குழாய் வைத்தவர் சாப்பிடக்கூடாது என்பதோடு, அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று இந்தச் சாஷேயைப் பிரிக்கவும் கூடாது.

எப்போது இது சரியான தேர்வு? நோய் ஒரு நிலையில் நிற்கிறது, குழாய் இல்லை, மாற்றுச் சிறுநீரகம் இல்லை, மலச்சிக்கலைத் தீர்த்தாயிற்று, அப்படியும் உப்பசமும் பசியின்மையும் வாட்டுகின்றன, கையில் காசுக்குக் குறைவில்லை. அப்படியானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் பார்க்கலாம். ஆண்டிபயாட்டிக் போடும்போது வயிறு கெடாமலிருக்க எழுதித் தருவது வேறு கணக்கு, அது குறுகிய காலம்.

## நார்ச்சத்துப் பவுடர்

வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் நல்லதுக்குத் தீனி போடுவது இந்த வழி. எனக்கு இதில்தான் கொஞ்சம் நம்பிக்கை அதிகம். காரணம், சூடும் கூரியரும் இதை ஒன்றும் செய்யாது. குழாய் வைத்தவர்களுக்கும் உயிருள்ள கிருமி உள்ளே போகிறதே என்ற பயம் இல்லை.

ஆய்வுகளும் சின்னதானாலும் ஒரே திசையில் போகின்றன. 1996-இல் வந்த ஒரு ஆய்வில், புரதம் குறைத்துச் சாப்பிட்ட 16 கிட்னி நோயாளிகளுக்குத் தினம் 50 கிராம் அக்கேசியா பிசின் கொடுத்தார்கள். ரத்தத்தில் யூரியா நைட்ரஜன் குறைந்தது, மலத்தில் போகும் நைட்ரஜன் கூடியது. பாக்டீரியாக்கள் தீனி தின்று பெருகும்போது நைட்ரஜனைத் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொண்டு வெளியே போகின்றன. ஹீமோடயாலிசிஸ் செய்வோரிடம் ஆலிகோஃப்ரக்டோஸ் கலந்த இன்யூலின் என்ற செடிவகை நார் பி-கிரெசில் சல்பேட்டைக் குறைத்ததாக 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. எளிதில் செரிக்காத சோளமாவு ஸ்டார்ச்சைக் கொடுத்தபோது, புரதத்தோடு ஒட்டாமல் திரியும் இண்டாக்சில் சல்பேட் குறைந்ததாக 2014-இல் இன்னொன்று. இவை எல்லாமே நச்சின் அளவு. ஆயுளையோ டயாலிசிஸ் தள்ளிப்போவதையோ இவற்றில் யாரும் அளந்து காட்டவில்லை.

இப்போது பிசினுக்கு வருவோம். இதை எங்கேயோ படித்துவிட்டு நாட்டு மருந்துக்கடையில் போய் "பிசின் குடுங்க" என்றால் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்? கோடைக்கு ஊறவைத்துக் குடிக்கும் பாதாம் பிசின் வரலாம், கருவேலம் பிசின் வரலாம், முருங்கைப் பிசின்கூட வரலாம். ஆய்வில் கொடுத்தது அராபிய பிசின், சூடானிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் அக்கேசியா மரங்களிலிருந்து எடுப்பது. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போட்டுக்கொள்ள முடியாது. 50 கிராம் என்பதும் சாமானியமில்லை. ஒரு கைப்பிடிக்கும் மேல், தினமும்.

இசப்கோல் உமியை இதில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது மலத்தைப் பருமனாக்கி இளக்கும், ஆனால் பாக்டீரியாவுக்குத் தீனியாக அதிகம் பயன்படாது. அதற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். நாளுக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர் என்று கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு அதுவே பெரிய பங்கு. தண்ணீர் போதாமல் விழுங்கினால் இளக்குவதற்குப் பதில் அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் அவை உடம்பில் சேர்வதையும் குறைக்கும், ரெண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மற்றபடி இன்யூலின் வகையில் வாயுத் தொல்லை நிச்சயம். சின்ன ஸ்பூனில் ஆரம்பித்து ரெண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றவேண்டும். முதல் நாளே டப்பாவில் போட்ட அளவைப் போட்டுவிட்டு, வயிறு கத்துகிறது என்று தூக்கி எறிந்தவர்கள்தான் அதிகம்.

## ரெண்டும் கலந்த சின்பயாட்டிக்

விலை அதிகம், பேரும் பெரிது. ஆஸ்திரேலியாவில் நடந்த சினர்ஜி ஆய்வு 2016-இல் வெளிவந்தது. டயாலிசிஸுக்கு இன்னும் போகாத, கிட்னி வெகுவாகக் குறைந்த 37 பேர் சேர்ந்தார்கள், 31 பேர் முடித்தார்கள். ஆறு வாரத்தில் பி-கிரெசில் சல்பேட் குறைந்தது. இண்டாக்சில் சல்பேட் குறிப்பிடும்படி குறையவில்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சம் கூடியது, அது நல்ல அறிகுறியல்ல. கேப்சூலுக்குச் சொன்ன எச்சரிக்கை அத்தனையும் இதற்கும் பொருந்தும். தனித்தனியாக வாங்கினால் எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்றாவது தெரியும். கலவையில் அதுவும் தெரியாது.

## லாக்டுலோஸ் சிரப்

இதை யாரும் குடல் நுண்ணுயிர் மருந்து என்று விற்பதில்லை. ஆனால் வேலை அதேதான். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகும், பாக்டீரியா அதைத் தின்று அமிலமாக்கும், அமிலச் சூழலில் அமோனியா ரத்தத்துக்குள் திரும்பாமல் குடலிலேயே சிக்கிக்கொள்ளும். கல்லீரல் கெட்டவர்களுக்கு மூளை குழம்பாமலிருக்க இதைத்தான் கொடுக்கிறார்கள்.

கிட்னி நோயாளிக்கு இதில் பெரிய லாபம் மலச்சிக்கல் தீர்வது. தண்ணீர் குறைவு, காய்கனி குறைவு, இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை எல்லாம் சேர்ந்து அவர்களுக்கு மலம் இறுகிவிடும். சிறுநீரில் பொட்டாசியம் போக வழியில்லாதபோது பெருங்குடல்தான் அதில் ஒரு பங்கைத் தள்ளுகிறது. மூன்று நாள் வயிறு போகவில்லை என்றால் அந்த வழியும் அடைபட்டது. மருத்துவத்தை மக்களைத் தேடிக் கொண்டுபோகும் அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே பை வந்து வயிற்று டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடல் நிறைந்து உப்பினால் வயிற்றுக் குழாய் அழுந்தி நீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் தடைபடும்.

இது மருந்து, டாக்டர் எழுதித் தருவது, பில்லும் உண்டு. அளவு கூடிப் பேதியானால் உடம்பு வற்றி கிட்னிக்கே கேடு. வாயு வரும், இனிப்பாக இருக்கும், சர்க்கரை நோயாளிகள் அளவைத் தாண்டக் கூடாது. இதற்குப் பதிலாக வீட்டில் இருக்கிறதே என்று மெக்னீசியம் கலந்த வெள்ளைப்பால் மருந்தைக் குடிப்பதும், பாஸ்பேட் எனிமா வைத்துக்கொள்வதும் கிட்னி நோயாளிக்கு ஆபத்து.

## நம்ம ஊர்ச் சாப்பாடு

சின்ன வெங்காயம் முதலில். டப்பாவில் அடைத்து விற்கும் இன்யூலின் குடும்பத்து நார்தான் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. பொட்டாசியமும் மிதம். எதற்கெடுத்தாலும் சின்ன வெங்காயம் உரிக்கும் கொங்கு வீட்டில் ஏற்கெனவே பிரிபயாட்டிக் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பழைய சோறு அடுத்தது. சோறு ஆறும்போது அதன் ஸ்டார்ச்சில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறும், இரவு ஊறலில் புளிப்புப் பாக்டீரியாவும் சேரும். அரிசி இயல்பிலேயே பொட்டாசியம் குறைந்தது. தப்பு எங்கே வருகிறது என்றால் கூட்டாளிகளில்தான்: ஒரு கை உப்பு, வறுத்த மோர் மிளகாய், ஊறுகாய். நீராகாரமும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சோற்றைப் பிழிந்தெடுத்து, கொஞ்சம் மோர் ஊற்றி, நாலு வெங்காயத்தோடு சாப்பிட்டால் அது எந்தக் கேப்சூலுக்கும் இளைத்ததல்ல. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் மட்டும் இரவெல்லாம் வெளியே புளித்ததைத் தொடும் முன் டாக்டரைக் கேட்கவேண்டும்.

கம்பங்கூழ், ராகிக்களி பற்றி ஆளுக்கொரு பேச்சு. நார் அதிகம், உண்மை. அரிசியைவிட மூன்று நான்கு மடங்கு பொட்டாசியம் என்பதும் உண்மை. பாஸ்பரஸும் கூடுதல்தான், ஆனால் தானியத்தில் அது ஃபைட்டேட் என்ற எளிதில் செரிக்காத வடிவில் கட்டுண்டு கிடப்பதால் பாலில் வருவதைவிடக் குறைவாகத்தான் உடம்பில் சேரும். பொட்டாசியம் கட்டுக்குள் இருக்கும், கிட்னி நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையில் உள்ளவருக்கு வாரத்தில் சில நாள் தாராளமாகச் சரி. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டி ஓடுகிறவருக்கு இல்லை.

கொள்ளு விஷயத்தில்தான் எனக்குக் கவலை. காய்ந்த கொள்ளு 100 கிராமில் பொட்டாசியம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். டயட்டீசியன் "வேகவெச்ச தண்ணியைக் கொட்டிருங்க" என்று சொல்லி அனுப்புவார். வீட்டில் பருப்பைக் கடைந்து மற்றவர்களுக்கு வைத்துவிட்டு, வடித்த தண்ணீரில் ரசம் வைத்து "லேசா இருக்கும், குடிங்க" என்று நோயாளிக்கே ஊற்றுவார்கள். கொட்டவேண்டிய பொட்டாசியம் முழுக்க அந்த ரசத்தில் இருக்கிறது. பொள்ளாச்சி இளநீரும், கல்லுக்கு நல்லது என்று குடிக்கும் வாழைத்தண்டுச் சாறும் இதே ரகம்.

தயிர், மோர்? அளவோடு நல்லது. ஆனால் தயிரில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் உண்டு, மோர் தண்ணீர்க் கணக்கில் வரும். நாளுக்கு ஒரு சின்னக் கிண்ணத் தயிரையோ, உப்பில்லாத ஒரு டம்ளர் மோரையோ தாண்டவேண்டியதில்லை என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| வழி | சான்று எதற்கு இருக்கிறது | தெரியாமல் வரும் செலவு | யாருக்குப் பொருந்தும் | யாருக்கு ஆகாது |
|---|---|---|---|---|
| பாக்டீரியா கேப்சூல் | வயிற்று உபாதை. கிட்னிக்கு உறுதியாக இல்லை | சூட்டில் செத்த சரக்கு, மாதா மாதம் காசு, ஃபிஸ்டுலா தள்ளிப்போவது | நிலையான நோய், குழாய் இல்லாதவர் | கழுத்துக் குழாய், மாற்றுச் சிறுநீரகம் |
| நார்ச்சத்துப் பவுடர் | யூரியா, குடல் நச்சு கொஞ்சம் குறைவது | வாயு, தண்ணீர்க் கணக்கு, மாத்திரை இடைவெளி | மூன்று, நான்காம் நிலை. டயாலிசிஸ் செய்வோர் சிலர் | குடல் அடைப்பு உள்ளவர். இசப்கோல் என்றால் தண்ணீர்க் கட்டுப்பாடு கடுமையானவரும் |
| சின்பயாட்டிக் | ஒரு நச்சு குறைவது | விலை, எது வேலை செய்தது என்று தெரியாமை | கேப்சூலுக்குச் சொன்னவர்களே | கேப்சூலுக்குச் சொன்னவர்களே |
| லாக்டுலோஸ் | மலச்சிக்கல் | பேதி, இனிப்பு | வயிறு போகாத எவரும், டாக்டர் சீட்டோடு | ஏற்கெனவே பேதி உள்ளவர் |
| வீட்டுச் சாப்பாடு | நார், உணவுப் பழக்கம் | பொட்டாசியம், உப்பு, நீராகாரம் | பொட்டாசியம் கட்டுக்குள் இருப்பவர் | ரிப்போர்ட் பார்க்காமல் ஆரம்பிப்பவர் |

கீட்டோ அனலாக் மாத்திரையை இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். அது குடல் மருந்தல்ல, புரதம் வெகுவாகக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஈடுகட்ட டாக்டர் எழுதுவது. பேர் தெரியாமல் ரெண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

## யார் எதை எடுப்பது

மூன்றாம் நிலை, ஜிஎஃப்ஆர் 30-க்கு மேல், வயிறு ஒழுங்காகப் போகிறது என்றால் டப்பா எதுவும் வேண்டாம். 2024-இல் வந்த, கேடிகோ என்ற சர்வதேசக் கிட்னி அமைப்பின் வழிகாட்டுதல் சொல்வதும் சிக்கனமானதுதான்: உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 0.8 கிராம் புரதம், உப்பு 5 கிராமுக்குள், சாப்பாட்டில் தாவர உணவின் பங்கைக் கூட்டுவது. கேப்சூலுக்கு வைத்த காசை ஒருமுறை நல்ல டயட்டீசியனுக்குக் கொடுங்கள், அவர் உங்கள் ரிப்போர்ட்டை வைத்து உங்கள் வீட்டுச் சமையலையே திருத்திக் கொடுப்பார்.

நான்காம் நிலை, இரும்பு மாத்திரை ஓடுகிறது, மலம் இறுகிக் கிடக்கிறது என்றால் லாக்டுலோஸ் முதலில், அது சரியானபின் கொஞ்சம் கொஞ்சமாக நார்ச்சத்து. என் கடைக்கு வருகிறவர்களில் "கேப்சூல் போட்டதும் உடம்பு லேசாச்சுங்க" என்று சொன்ன பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். இதே நிலையில் ஃபிஸ்டுலா பற்றி டாக்டர் பேச்செடுத்திருந்தால் அதைத்தான் முதலில் முடிக்கவேண்டும்.

கையில் ஃபிஸ்டுலாவோடு டயாலிசிஸ் செய்கிறவர்கள், பொட்டாசியமும் தண்ணீரும் இடம் கொடுத்தால் நார்ச்சத்தை யோசிக்கலாம். கழுத்துக் குழாய், மாற்றுச் சிறுநீரகம் இரண்டுக்கும் உயிருள்ள எதுவும் டாக்டர் சொல்லாமல் கூடாது.

## வாங்கியே தீருவது என்றால்

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருந்தால் அது உணவுப்பொருள் உரிமத்தில் வந்தது, மருந்து உரிமத்தில் அல்ல. "மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல" என்ற வரியும் சின்ன எழுத்தில் எங்காவது இருக்கும். அந்த டப்பாவை நீட்டி கிட்னியைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால், அந்த வரியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

பாக்டீரியாவின் எண்ணிக்கை நாளுக்கு 10 கோடிக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு விதி. கிட்னி கேப்சூல்களில் பில்லியன் கணக்கில் போட்டிருப்பார்கள், ஒரு பில்லியன் என்பது 100 கோடி. அந்த எண் தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள். முதலாவதாக இருந்தால் உங்கள் கைக்கு வரும்போது எவ்வளவோ குறைந்திருக்கும். பாக்டீரியா பேருக்குப் பின்னால் அதன் வகை எண்ணும் இருக்கவேண்டும். வெறும் "லாக்டோபேசிலஸ் கலவை" என்றால் தள்ளி வையுங்கள். கூடவே மூலிகைச் சாறு, பொட்டாசியம் உப்பு, புரதத் தூள் எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. கரைத்துக் குடிக்கும் நுரைமாத்திரை என்றால் சோடியத்தைப் பாருங்கள்.

ஃப்ரிட்ஜ் சரக்கை ஆன்லைனில் எடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் கடையில் வாங்கி, ஐஸ் பேக்கோடு எடுத்துப் போங்கள். ஆண்டிபயாட்டிக் ஓடினால் ரெண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியம், சிறுநீர் ஆல்புமின் நான்கையும் ஒரு லேபில் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி எடுங்கள், ரெண்டு தடவையும் முந்தின ரெண்டு நாள் கறி சாப்பிடாமல். இடையில் சாப்பாட்டையும் மற்ற மாத்திரையையும் மாற்றாதீர்கள், மாற்ற நேர்ந்தால் குறித்து வையுங்கள். எண்கள் அப்படியே இருந்து, உடம்பிலும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அந்த டப்பா முடிந்ததும் அடுத்தது வாங்கவேண்டாம். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன கிருமி உள்ளே போனது என்று டாக்டருக்கு அந்த லேபிள்தான் சொல்லும்.